ஏழாந்தேதி விதா

தூபோவா
1974 மார்ச் 9

அன்புத் தம்பி ஓப்ரெனுக்கு,

அரை மணி நேரம் மூத்த அக்கா விதா எழுதுறது. ரெட்டைப் பிள்ளைங்கள்ல முதல்ல வந்தவ நான்தான்னு நீ மறந்துடக் கூடாது, அதான் ஒவ்வொரு தடவையும் சொல்லி வைக்கிறேன். இங்க நானும் மாடும் ஒன்பது கோழியும் நல்லா இருக்கோம். உன் நெஞ்சுச் சளி போச்சா? வியன்னாக் குளிர்ல கழுத்தைத் திறந்து போட்டுக்கிட்டுத் திரியாதே.

போன கடிதத்துல நீ கேட்ட கேள்விக்கு விடையை முதல்ல சொல்லிடுறேன், நம்ம விதி அதுதானே. சூயஸ் கால்வாய் திறந்தது 1869. இதெல்லாம் ஒரு கேள்வியாடா? சின்ன வயசுல அடுப்படியில உக்காந்து இதைவிடக் கஷ்டமாக் கேட்டுக்குவோம்.

இப்ப சங்கதிக்கு வர்றேன். ரேடியோவுல ஊருக்கு ஊர் போட்டி வச்சிருக்காங்க. ஒரு ஊருக்கு மூணு பேர். உலக வரலாறு, பெரியவங்க வாழ்க்கை, இப்படிக் கேப்பாங்க. ஜெயிக்கிற ஊரோட வாசகசாலைக்குப் பன்னெண்டு தொகுதிக் கலைக்களஞ்சியம் பரிசு. கூட்டுறவுத் தலைவர் க்வோஸ்டென் நான் பால் அளக்குற எடத்துக்கே வந்துட்டாரு.

"விதா, ஊர்ல புஸ்தகம் படிக்கிற ஆளுன்னு யாரு இருக்கா? நீ, நான், மாட்டு டாக்டர். அவ்வளவுதான்."

"நீங்க என்ன தலைவரே படிச்சிருக்கீங்க?"

"டெஸ்லாவைப் பத்திக் கேக்கச் சொல்லு, பின்னி எடுத்துடுறேன்."

"வேற எதாச்சும் கேட்டா?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடுறேன்."

சரின்னுட்டேன். கடைக்காரி ஸ்தாமெனா கேட்டுட்டு, "யாரு, ஏழாந்தேதி விதாவா போறா? கலைக்களஞ்சியம் வந்த மாதிரிதான்!"னு சிரிச்சா. இருபத்திரெண்டு வருஷமாச்சு, இன்னும் விட மாட்டேங்குறாளுங்க. நகரத்து உயர்நிலைப் பள்ளியில நம்ம ஊருக்கு ஒரே ஒரு இலவச இடம், நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு. வாத்தியார் ஊரைக் கூட்டி வச்சு ஒரே கேள்வி கேட்டாரு: நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தோட பழைய காலண்டர்படி 1642 கிறிஸ்துமஸ் அன்னிக்கு, புதுக் காலண்டர்படி என்ன தேதி? நான் எந்திரிச்சு, ஜனவரி ஏழுன்னேன். நம்ம கோயில்ல இன்னும் பழைய காலண்டர், அதனால நம்ம கிறிஸ்துமஸ் எப்பவும் ஜனவரி ஏழாந்தேதிதானே, பதிமூணு நாள் கூட்டினாப் போச்சு. ஆனா நியூட்டன் காலத்துல பத்து நாள்தான் வித்தியாசமாம். நீ எந்திரிச்சு நாலுன்னே, படிக்கப் போனே. நான் இங்கேயே நின்னுட்டேன். இன்னிக்கும் எவனாச்சும் தேதி கேட்டா, "விதாவைக் கேளு, ஏழுன்னு சொல்லுவா"ங்குறானுங்க.

போகட்டும். நீ ஊருக்கு வந்து ஏழு வருஷம் ஆகுது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பண்டிகை ரொட்டியைப் பிட்டா உனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கிறேன். இந்த வருஷம் அதிர்ஷ்டத்துக்குன்னு உள்ள வச்ச காசு உன் துண்டுலதான் இருந்துச்சு. வந்து எடுத்துக்கோயேன்.

கேள்வி: ரெண்டு வேற வேற விஞ்ஞானத்துல நோபல் பரிசு வாங்கின பொம்பளை யாரு?

உன் அக்கா
விதா


வியன்னா
ஏப்ரல் 1

அன்புள்ள விதாவுக்கு,

நலம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் விருந்தாளி மாதிரி கிளம்ப மனசில்லாமல் இருக்கிறது. மாட்டையும் ஒன்பது கோழிகளையும் விசாரித்ததாகச் சொல்.

விடை: மேரி க்யூரி. முதலில் இயற்பியல், அப்புறம் வேதியியல்.

நீ போட்டிக்குப் போவதைப் படித்துவிட்டு அறைக்குள்ளேயே நாலு தடவை நடந்தேன். நீ ஜெயிப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நாற்பது பேருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். கிழிக்காமல் படி.

ஸ்தாமெனா இன்னும் அப்படியா கூப்பிடுகிறாள்? அது ஓய்ந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் காதுக்கு வராததால் ஓய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன் போல.

அலுவலகத்தில் வேலை அதிகம். காப்பித் தூள் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: அச்செழுத்துக் கோத்துப் புத்தகம் அடித்த குட்டன்பர்க் எந்த ஊர்க்காரர்?

அன்புடன்
ஓப்ரென்


தூபோவா
மே 5

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். கோழி மட்டும் எட்டாயிடுச்சு, நரிக்கு ஒண்ணு.

விடை: மைன்ஸ். ஜெர்மானிய ஊரு.

முதல் சுத்துல ஜெயிச்சுட்டோம்டா! உன் நாப்பது பேர்ல மூணு பேர் அப்படியே வந்தாங்க. க்வோஸ்டெனுக்கு டெஸ்லா வரவே இல்லை. "வேணும்னே விட்டுட்டானுங்க"ன்னு வீடு வர்ற வரைக்கும் பொருமிக்கிட்டு வந்தாரு. அந்த மைக்கு முன்னாடி நிக்கையில கால் நடுங்குச்சு. ஆனா வாய் நடுங்கலை. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, இத்தனை வருஷம் பால் கேனுக்கு முன்னாடியே நின்னுட்டேனே, எங்க இருந்து இந்தத் தைரியம் வந்துச்சுன்னு.

இதுல ஒரு கூத்து கேளு. ஒவ்வொரு போட்டியிலயும் கடைசிக் கேள்வி நேயர் அனுப்புறது. எந்த ஊர் அணிக்குன்னும் அவங்களே உறை மேல எழுதலாம். அதனால எல்லாரும் எதிரி ஊருக்குத்தான் பல்லை உடைக்கிற கேள்வியா அனுப்புறாங்க. சொந்த ஊருக்கு அனுப்புனா அது திருட்டு, அப்படி யாரும் செய்ய மாட்டாங்க. நம்ம ஸ்தாமெனா ஜெலெனிக் ஊர்க்காரங்களுக்கு ஏழு கேள்வி அனுப்பியிருக்கா, ஏழுக்கும் அவளுக்கே விடை தெரியாது.

அலுவலகத்துல வேலைன்னு எழுதியிருக்கே. கோடையில எல்லாரும் காரும் பொட்டியுமா ஊருக்கு வர்றாங்க. உன் அலுவலகம் மட்டும் மூடவே மூடாதா? நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலை, அதை நான் கவனிக்காம இல்லை.

கேள்வி: எவரெஸ்ட்ல முதல்ல ஏறுன ரெண்டு பேர் யாரு?

அன்பு
விதா


வியன்னா
ஜூன் 2

அன்பு விதா,

நலம்தான். உன் கால் நடுக்கம் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

விடை: ஹிலாரி, டென்சிங்.

நீ ஜெயித்ததை இங்கே நாலு பேரிடம் சொன்னேன். ஒருத்தர் போஸ்னியாக்காரர், "உன் அக்கா வாத்தியாரா?" என்று கேட்டார். ஆகியிருக்க வேண்டியவள் என்றேன்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நேயர் பெயரை முழுசாகப் படிப்பார்களா, பாதிப் பெயர்தானா? வெளிநாட்டிலிருந்தும் அனுப்பலாமா?

கேள்வி: கலிலியோ இறந்த தேதி என்ன?

அன்புடன்
ஓப்ரென்


தூபோவா
ஜூன் 30

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம், நீ சுகமான்னு கேக்கவே கோபமா இருக்கு, இருந்தாலும் கேக்குறேன்.

விடை: 1642 ஜனவரி 8. அடுத்து நீ யாரைக் கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியும், அதே வருஷம் பிறந்த நியூட்டனைத்தானே. கேக்காதே. அந்த ஆளோட பிறந்த நாளை இந்த ஜென்மத்துல நான் வாயால சொல்ல மாட்டேன்.

முதல் பெயரும் ஊரும் மட்டும்தான் படிப்பாங்க. எங்கேருந்து வேணும்னாலும் அனுப்பலாம். ஜெலெனிக்குக்கு அனுப்பப் போறியா? அனுப்பு, அனுப்பு. நல்லாக் கடிக்கிற மாதிரி அனுப்பு.

நாங்க கடைசிப் போட்டிக்கு வந்துட்டோம்! எதிர்ல ஜெலெனிக்தான். நவம்பர் பத்து, ஞாயித்துக்கிழமை, நகரத்து மண்டபத்துல. க்வோஸ்டென் சட்டை தைக்கக் குடுத்துட்டாரு.

ஓப்ரென், அன்னிக்கு நீ வரணும். முன் வரிசையில உக்காந்தாப் போதும், ஒண்ணும் பேச வேணாம். அம்மா போனதுக்கு அப்புறம் எனக்குன்னு கை தட்ட ஒரு ஆள் இல்லைடா. இதை எழுத வெக்கமா இருக்கு. ஆனா எழுதுனதை அடிச்சு அழிக்க மாட்டேன், அப்படியே விட்டுடுறேன்.

கேள்வி: பாரீஸ் ஈபிள் கோபுரம் எந்த வருஷம் கட்டி முடிச்சாங்க?

அக்கா
விதா


வியன்னா
செப்டம்பர் 20

அன்பு விதா,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

விடை: 1889.

நவம்பரில் வர முடியாது. ரேடியோவில் கேட்பேன். இங்கே ஒருத்தரிடம் பெரிய ரேடியோப் பெட்டி இருக்கிறது, நம் நிலையம் கொஞ்சம் இரைச்சலோடு எடுக்கும்.

நன்றாகச் சொல். உனக்குத் தெரிந்ததைத் தயங்காமல் சொல்.

ஓப்ரென்


தூபோவா
அக்டோபர் 6

தம்பி,

கேள்வி இல்லாம ஒரு கடிதமா? உடம்பு நல்லாத்தான் இருக்கா? உண்மையைச் சொல்லு. நாம எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட நாள்லேருந்து நீ கேள்வி கேக்காம இருந்ததே இல்லை.

ப்ளம் பழம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்ச்சுது. ரெண்டு நாள் அண்டாவுல கிண்டி ஜாம் எடுத்தேன். உனக்குன்னு ஆறு பாட்டில் தனியா வச்சிருக்கேன், போன வருஷத்து ஆறும் அப்படியே இருக்கு.

நீ வராதது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இல்லேன்னு பொய் சொல்லத் தெரியலை. இருந்தாலும் கேளு. இரைச்சலோடயாவது கேளு.

நானும் கேள்வி கேக்கலை. கணக்குச் சரியாப் போச்சு.

விதா


தூபோவா
நவம்பர் 13

ஓப்ரெனுக்கு,

நீ நல்லா இருக்கியான்னு நான் கேக்கப் போறதில்லை. நல்லா இருக்கணும், உன்னைத் திட்டுறதுக்காவது.

நீ கேட்டிருப்பே. இரைச்சல்ல எது விட்டுப் போச்சோ தெரியாது, அதனால சொல்றேன். கடைசிக் கேள்விக்கு வர்றப்ப ரெண்டு ஊரும் சமம். நடத்துறவர் உறையைப் பிரிச்சாரு. "தூபோவா அணிக்கு, வியன்னாவிலிருந்து ஓப்ரென் என்ற நேயர் கேட்கிறார்"னாரு. அப்புறம் அந்தக் கேள்வி. அதே கேள்விடா! அதே பழைய காலண்டர், அதே கிறிஸ்துமஸ், அதே நியூட்டன்.

நம்ம ஊர்க்காரங்க பூரா என் பக்கம் திரும்பிட்டாங்க. எந்த ஓப்ரென்னு அவங்களுக்குத் தெரியாதா? ஜெலெனிக்காரனுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. க்வோஸ்டென் மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சு, "சொல்லு, சொல்லிடு, கடவுள் குடுத்தது"ங்குறாரு.

சொன்னேன். "1643 ஜனவரி நாலாந்தேதி." மண்டபமே அதிர்ந்துச்சு. ஸ்தாமெனா பெஞ்சு மேல ஏறி நிக்குறா. கை தட்டி முடியுற வரைக்கும் நின்னேன். பொய் சொல்லலை, அந்தக் கை தட்டலை முழுசா வாங்கிக்கிட்டேன். அதுக்கு அப்புறம்தான் மைக்கைப் பிடிச்சேன்: "விடை சரிதான், ஆனா மார்க்கு போடாதீங்க. கேள்வி அனுப்பினது என் கூடப் பிறந்தவன். வேற கேள்வி கேளுங்க."

வேற கேள்வி கேட்டாங்க. டென்மார்க் நாட்டு வானியல்காரர் டைகோ பிராஹேயை எந்த ஊர்ல அடக்கம் பண்ணியிருக்காங்கன்னு. நான் கோபன்ஹேகன்னேன். ப்ராக்காம். மனுஷன் வெளிநாட்டுல வேலைக்குப் போனவரு, அங்கேயே செத்து அங்கேயே கெடக்குறாரு. நான் என்னமோ, கடைசியில சொந்த ஊருக்கு வந்திருப்பாருன்னு நெனைச்சுட்டேன். எல்லாரும் வீடு திரும்புறவங்க இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அவங்க கேள்விக்கு அவங்க சரியாச் சொல்லிட்டாங்க, கலைக்களஞ்சியம் ஜெலெனிக்குக்குப் போயிடுச்சு. பன்னெண்டு தொகுதி, நீல அட்டை, தங்க எழுத்து. நான் ஒண்ணைத் தொட்டுப் பாத்தேன். வண்டியில திரும்பையில ஒருத்தரும் என்னோட பேசலை.

ஏன்டா செஞ்சே? என்னைத் திருடியாக்கவா? கேள்வி அதுதான்.

விதா


வியன்னா
டிசம்பர் 1

அன்பு விதா,

விடை சொல்கிறேன். பத்து நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போதுதான் முடிந்தது.

உன்னைத் திருடியாக்க இல்லை. திருடன் நான். ஊர் முன்னால், ரேடியோ முன்னால், நீ நாலு என்று சொல்லி ஒருதரம் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பரிசு உன் கையைவிட்டுப் போகும் என்பது முட்டாள் மண்டைக்கு எட்டவில்லை.

1952இல் வாத்தியார் கேள்வி கேட்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? நாம் வைக்கோல் போரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தோம். நியூட்டன் கேள்வியும் வரலாம் என்று பேச்சு வந்தது. பழைய தேதியைப் புதுத் தேதியாக்க எப்போதும் பதிமூன்று கூட்டு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அப்போது அதுதான் சரி என்று நினைத்தேன். அப்புறம் நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாய். பாதிரியார் வீட்டிலிருந்து நாம் வாங்கி வந்திருந்த காலண்டர்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தக் காலத்துக்குப் பத்து நாள் என்று போட்டிருந்ததைப் படித்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் பள்ளிக்கூடம் வரை உன்னோடு நடந்தேன். நீ வழியில் ஏதோ மஞ்சள் பூவைப் பறித்து என் பையில் செருகினாய். அப்போதும் சொல்லவில்லை. நீ ஏழு என்றபோது ஊர் சிரித்தது, நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்தேன், வாத்தியாரானேன், அதையும் விட்டுவிட்டு இங்கே வந்தேன். அலுவலகம் என்று எழுதியது பொய். அட்டைப்பெட்டி ஆலை. உன் இடத்தில் படித்தவன் ஏழு வருஷமாகப் பெட்டி ஒட்டுகிறான். இந்த முகத்தை உன் வாசலில் எப்படிக் காட்டுவேன்? அதனால்தான் வரவில்லை. அம்மா சாவுக்கு வந்தபோதே உன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

நீ இனி எழுதாவிட்டாலும் நியாயம்தான். கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஓப்ரென்


தூபோவா
டிசம்பர் 12

அட முட்டாள் தம்பிக்கு,

நானும் மாடும் எட்டுக் கோழியும் நல்லா இருக்கோம். உன் கடிதத்தைப் பால் நிலையத்துல நின்னுக்கிட்டே படிச்சேன். ஒரு கேன் நெறைஞ்சு வழிஞ்சு தரையெல்லாம் பாலு. க்வோஸ்டென் வந்து, "யாரு செத்தா?"ன்னாரு. யாரும் சாகலை, ஒருத்தன் இப்பத்தான் பிழைச்சிருக்கான்னேன்.

எனக்குத் தெரியும்டா.

அந்தக் காலண்டர்ப் புத்தகத்தை நீ மட்டும்தான் புரட்டினியா? மாட்டைக் கட்டிட்டு வந்து நானும்தான் புரட்டினேன். பத்துன்னு போட்டிருந்துச்சு. நீ பதிமூணுன்னு சொல்லியிருந்தே. எனக்குப் புஸ்தகத்தைவிட உன் மேலதான் நம்பிக்கை. எது சரின்னு தெரியாமலே காலையில போனேன். எந்திரிச்சு நின்னப்ப நாலும் ஏழும் ரெண்டுமே நாக்குல இருந்துச்சு. உன்னைப் பாத்தேன். நீ செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தே. எது சரின்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சே மத்ததை, அந்த ஏழாந்தேதியைச் சொன்னேன்.

என்னைப் புனிதவதியாக்கிடாதே. அம்மா படுக்கையில கெடந்தா, யாராச்சும் இருக்கணும். நகரத்து விடுதியை நெனைச்சு எனக்கு உள்ளூரப் பயமும் இருந்துச்சு. போகட்டும்னு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன், அப்புறம் பல வருஷம் அழுதேன். உன் மேல கோபம், என் மேல கோபம். நீ லீவுல வந்து இலக்கணம் பேசுறப்ப எல்லாம் உன் தலையில பால் கேனைக் கவுக்கலாமான்னு இருக்கும். அதுவும் ஒரு நாள் ஓஞ்சு போச்சு. எந்த நாளுன்னு தெரியலை. நீ வராம இருந்த கோபம்தான் ஓயலை. ஏழாந்தேதின்னு கூப்பிட்டதை நான் தாங்கிக்கிட்டேன். காலியா இருக்குற நாற்காலியைத்தான் தாங்க முடியலை.

ஊர் ரெண்டு வாரம் என்கூடப் பேசலை. மூணாவது வாரம் ஸ்தாமெனா கடையில உப்பு நிறுத்துக்கிட்டே, "இன்னிக்கு என்ன தேதி, நாலாந்தேதி விதா?"ன்னா. கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். இனிமே சாகுற வரைக்கும் அதுதான் பேரு போல. ஜெலெனிக் அணித் தலைவர் ஆள் சொல்லி அனுப்பியிருக்காரு, ஞாயித்துக்கிழமை அவங்க வாசகசாலையில வந்து படிக்கலாமாம். ஏழு கிலோமீட்டர் நடக்கணும், நடப்பேன்.

பெட்டி ஒட்டுறது ஒரு வெக்கமா? நான் என்ன, வானத்தையா அளக்குறேன்? பாலை அளக்குறேன்.

இப்ப கேள்வி. நல்லாக் கேட்டுக்கோ, ஏழு வருஷமா இதைச் சும்மா பேச்சோட பேச்சாத்தான் கேட்டேன், நீயும் நழுவிட்டே. இப்ப முறைப்படி கடைசி வரியில கேக்குறேன். விதிப்படி, அடுத்த கடிதம் விடையோடதான் ஆரம்பிக்கணும்.

கேள்வி: வீட்டுக்கு எந்தத் தேதி வர்றே?

உன் அக்கா
விதா


வியன்னா
டிசம்பர் 22

விடை: ஜனவரி நாலு, சனிக்கிழமை, காலை ரயில்.

பண்டிகை ஏழாந்தேதிதான் என்று தெரியும், அக்கா. பண்டிகைக்கு ஊர் கூடி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த மூன்று நாள் நம் இருவருக்கு மட்டும் வேண்டும். பன்னிரண்டு பாட்டில் ஜாமும் அதற்குள் தீர்ந்துவிடும். ரொட்டியைப் பிட்டால் என் துண்டை எடுத்து வைக்காதே, கையில் கொடு.

நலமாக இருக்கிறேன். இருமல் கூடப் போய்விட்டது.

கேள்வி: ஸ்டேஷனுக்கு வருவாயா?

அரை மணி நேரம் இளையவன்
ஓப்ரென்